ஃபோர்க் பாட்டத்தில் பெயிண்ட் உரியுது, ரெட் ஆக்சைடு அடிக்கலாமா?

கடலூர்க்காரன்:
பைக்கோட முன் சக்கரத்தைப் பிடிக்கிற டெலஸ்கோப்பிக் ஃபோர்க், கறுப்பு அடிச்ச அலுமினிய பாட்டம் (ஃபோர்க் காலோட கீழ்ப்பகுதி). ரெண்டு காலிலும் முன்பக்கம் கல் தெறிச்சு அரிசி அளவுக்குப் பத்துப் பன்னிரண்டு இடத்துல பெயிண்ட் போயிருக்கு. காலிப்பர் (டிஸ்க்கைக் கவ்வுற பிரேக் பாகம்) பக்கம் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் பொரிஞ்சு தூக்கியிருக்கு, கீறினா வெள்ளைத் தூள் வருது. கையில் ரெட் ஆக்சைடு அரை டப்பா இருக்கு. அதை அடிச்சு மேலே கறுப்பு ஸ்ப்ரே விட்டா போதுமா? ஃபோர்க்கைக் கழற்றணுமா?

ஸ்பேனர்14:
ரெட் ஆக்சைடு இரும்புக்கான சரக்கு. அலுமினியத்தைத் தேய்ச்ச கையோட மேலே மெல்லிசா ஆக்சைடு படலம் கட்டிடும்; சாதா பிரைமர் அதுல பிடிக்காம ஏடு ஏடா வந்துடும். செல்ஃப் எட்ச் பிரைமர் வாங்குங்க. அதுல இருக்கிற அமிலம் படலத்தைக் கடிச்சுப் பிடிக்கும்.

அரிசி அளவு சிப்புக்கு வேலை குறைவு. பொரிஞ்ச இடம்தான் தொல்லை. உப்பு (அலுமினியம் அரிச்சு வர்ற வெள்ளைத் தூள்) பெயிண்டுக்கு அடியில ஓடியிருக்கும், வெளியே நாணயம் அளவுன்னா உள்ளே இன்னும் அகலமா இருக்கும். பிளேடு முனையால் ஓரத்தை நெம்பிக்கிட்டே போங்க, பெயிண்ட் கிளம்பாத இடம் வந்ததும் நிறுத்துங்க. வெள்ளைப் பொடி துளியும் மிஞ்சாம 180 உப்புத்தாள், பிறகு ஓரத்தை 320, 400. நகத்தால் தடவினா படி தட்டக் கூடாது. இரும்புக் கம்பி பிரஷ் ஆகாது; இரும்புத் துகள் அலுமினியத்துல பதிஞ்சு அங்கேயே மறுபடி அரிப்பு தொடங்கும்.

கன்ஸ்ப்ரே:
ஃபோர்க்கைக் கழற்றத் தேவையில்லை. முன் சக்கரமும் மட்கார்டும் இறங்கினா போதும். காலிப்பரை ஹோஸில் தொங்க விடாம கம்பியால் கட்டுங்க. டிஸ்க் வெளியே இருக்கும்போது பிரேக் லிவரைத் தொட்டா பிஸ்டன் வெளியே தள்ளிடும். டஸ்ட் சீலும் (பாட்டத்தோட மேல் வாயில இருக்கிற ரப்பர் வளையம்) மேலே ஃபோர்க் பைப்பும் முழுக்க மாஸ்கிங். காலிப்பர் உட்காரும் முகம், அச்சு பிடிக்கும் இடம், போல்ட் துளை இதிலெல்லாம் பெயிண்ட் படவே கூடாது. இறுக்கும்போது நடுவில் பெயிண்ட் இருந்தா அது நசுங்கி, போல்ட் தளரும்.

ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் ரெண்டு முறை துடைங்க, ஒவ்வொரு முறையும் புதுத் துணி. செயின் லூப், சிலிக்கான் பாலிஷ் மிச்சம் இருந்தா பெயிண்ட் மீன் கண் மாதிரி விலகி நிற்கும். எட்ச் மெல்லிசா ஒரே கோட். அது மேல 2கே (ஹார்டனர் கலந்து இறுகுற) பிரைமர் ரெண்டு மூணு கோட், காய்ஞ்சதும் 600 வாட்டர் பேப்பர், பிறகு கறுப்பு. கேனை 20-25 செ.மீ. தள்ளிப் பிடிங்க, கோட்டுக்குக் கோட்டு பத்து நிமிஷம். கறுப்பு 400 மி.லி. கேன் ஒண்ணு ரெண்டு காலுக்கும் போதும். மழை ஈரத்துல அடிச்சா வெள்ளை பூக்கும்.

கடலூர்க்காரன்:
குழியை என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பட்டியால் நிரப்பிடலாமா அண்ணே? கறுப்பு மேல கிளியர் (நிறமில்லாத பூச்சு) அவசியமா?

கன்ஸ்ப்ரே:
சிப் ஆழத்துக்கு பிரைமரே போதும். என்.சி. பட்டி காயக் காயச் சுருங்கும், தடிப்பா வச்சா விரிசல் விடும். பாலியெஸ்டர் பட்டியை நேரா எட்ச் மேல வைக்காதீங்க, அமிலம் அதை இறுக விடாது. கிளியர் கட்டாயம், அதுவும் 2கே. சாதா கேன் கிளியர்ல பெட்ரோல் சொட்டினா பிசுபிசுன்னு ஆயிடும். 2கே கேன்ல அடியில இருக்கிற பின்னைத் தட்டினதும் ஹார்டனர் கலந்துடும், மிச்சம் வச்சுக்க முடியாது. அதுல ஐசோசயனேட் இருக்கு, வெறும் துணி கட்டிக்கிட்டு மூடின அறையில அடிச்சா நுரையீரலுக்கு ஆபத்து.

ஆயில்சீல்:
ஒரு விஷயம் விட்டுப்போச்சு. காலிப்பர் பக்கம் பெயிண்ட் மெத்துமெத்துன்னு சுருங்கியிருந்தா அது உப்பு இல்லை, டாட் 4 பிரேக் ஆயில் சொட்டினது. வெள்ளைத் தூள் வருதுன்னா உப்புதான். இருந்தாலும் பிரேக் ஹோஸைக் காலிப்பரோட பிடிக்கிற பாஞ்சோ போல்ட்டை விரலால் தடவிப் பாருங்க, ஈரம் இருந்தா காப்பர் வாஷரை மாத்திட்டு பெயிண்டுக்கு வாங்க. டஸ்ட் சீல் கீழே எண்ணெய்க் கோடு இருந்தாலும் அப்படித்தான், முதல்ல சீல், அப்புறம்தான் அழகு.

பவுடர் கோட்டிங் கடைக்குக் கொடுக்கிற யோசனை வந்தா, அடுப்பு 180-200 டிகிரிக்குப் போகும். ஆயில் சீல், புஷ் எல்லாம் கழற்றி வெறும் பாட்டமாத்தான் கொடுக்கணும்.