ஓடும் ரயிலில் ஒளிந்திருக்கும் உயிர்: ‘ஹாரர் எக்ஸ்பிரஸ்’ அச்சுறுத்துவது எதனால்?

கேள்வி – இளவேனில்

1972-இல் வெளிவந்த ‘ஹாரர் எக்ஸ்பிரஸ்’ படத்தை அண்மையில் மறுபடியும் பார்த்தேன். 1906-ஆம் ஆண்டில், மஞ்சூரியக் குகையொன்றில் கிடைத்த உறைந்த உடலை மரப்பெட்டியில் அடைத்து, பேராசிரியர் சாக்ஸ்டன் (கிறிஸ்டோபர் லீ) சைபீரிய ரயிலில் ஏற்றிக்கொண்டு புறப்படுகிறார். அது உயிர்பெற்று வெளியேறி, ஒருவர் பின் ஒருவராகக் கொல்கிறது. உரோமம் அடர்ந்த அந்த உருவம் படம் முடிவதற்கு வெகு முன்பே சுடப்பட்டு விழுந்துவிடுகிறது. ஆனால் எனக்கு அதன் பிறகுதான் அச்சம் கூடியது. தப்ப வழியில்லாத ரயில் என்பதுதான் இதற்குக் காரணமா?

மறுமொழி – அகிலன்

ரயில் பாதிக் காரணம்தான் என்று கருதுகிறேன். அந்த உடல் வெறும் கூடு. அதற்குள் குடியிருந்தது வேற்றுலகிலிருந்து வந்து பூமியில் தனித்துவிடப்பட்ட ஓர் உயிர். சுட்ட காவல் அதிகாரி மீரோவின் உடலுக்குள்ளேயே அது புகுந்துகொள்கிறது. கொலைகாரனைத் தேட வேண்டியவரே கொலைகாரனைச் சுமந்து திரிவது நமக்குத் தெரியும், பயணிகளுக்குத் தெரியாது. அவர் யாருடன் தனித்து நின்றாலும் நமக்கு நெஞ்சு படபடக்கிறது.

இன்னொன்று, கொல்லும் முறை. அது சிவந்த கண்களால் உற்றுநோக்கி, எதிரிலிருப்பவரின் அறிவையும் நினைவையும் உறிஞ்சிவிடுகிறது. மருத்துவர் வெல்ஸ் (பீட்டர் குஷிங்) இறந்தவரின் மண்டையைத் திறக்கும்போது, மூளை மடிப்புகள் ஏதுமின்றி வழவழவென்று இருக்கிறது. கண்களோ வெளுத்துக் கிடக்கின்றன. உடல் சிதைவதைக் காட்டிலும், ஒருவர் கற்றதெல்லாம் துடைத்தெடுக்கப்படுவது கொடுமையாகப் படுகிறது. சுடப்பட்ட அந்த உருவத்தின் கண்ணிலிருந்து எடுத்த திரவத்தை நுண்ணோக்கியில் வைத்ததும், அது முன்பு கண்ட டைனோசர்களும் விண்ணிலிருந்து பார்த்த பூமியும் தெரியும் காட்சி அறிவியலுக்குப் பொருந்தாது. எனினும் அந்த உயிரின் வயதையும் தனிமையையும் உணர்த்த அதைவிட நல்ல வழி இருந்திருக்குமா என்று தெரியவில்லை.

மறுமொழி – மணிமேகலை

படமாக்கிய விதமும் உதவியிருக்கிறது. இயக்குநர் எவ்ஹெனியோ மார்ட்டின் இதைக் குறைந்த செலவில் மாட்ரிட்டில் எடுத்தார். ரயில் பெட்டிகளின் உட்புறக் காட்சிகளுக்கு ஒரே அரங்குதான் இருந்தது. ஒரு பெட்டிக்குரிய காட்சிகளை எல்லாம் முடித்த பின்னரே அதை அடுத்த பெட்டியாக மாற்றி அமைத்தார்கள். அந்த நெருக்கடி திரையிலும் தெரிகிறது.

குஷிங்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1971 தொடக்கத்தில் மனைவி ஹெலனை இழந்திருந்த அவர், மாட்ரிட் வந்தபின் நடிக்க இயலாது என்று விலக முற்பட்டபோது, நண்பர் லீதான் அருகிலிருந்து பேசித் தங்கவைத்தார். போட்டியாளர்களாகத் தொடங்கும் சாக்ஸ்டனும் வெல்ஸும் ஒருவரையொருவர் நம்பத் தொடங்கும் இடங்களில் தெரியும் இயல்பான நெருக்கம் அந்த நட்பிலிருந்து வந்தது என்றே நினைக்கிறேன்.

மறுமொழி – இளவேனில்

இருவருக்கும் நன்றி. மீரோவைப் பற்றி அகிலன் சொன்னதை ஏற்கிறேன். ஆயினும் துறவி புஜார்டோவை (ஆல்பர்டோ டி மெண்டோசா) நாம் விட்டுவிடக் கூடாது. மரப்பெட்டியின் மேல் சாக்குக்கட்டியால் சிலுவை வரைய முயன்று, கோடு விழாததைக் கண்டு அதைச் சாத்தான் என்று முதலில் அஞ்சியவர் அவர். பின்னர் அதன் ஆற்றலைக் கண்டு, தாமே முன்வந்து அதற்குப் பணிகிறார். மற்றவர்களை அது வலிந்து பிடிக்கிறது. இவரோ தம்மை ஒப்புக்கொடுக்கிறார். என்னை மிகவும் அச்சுறுத்தியவர் அவர்தான்.