மோட்டார் போட்டாலே போர்டு ரீசெட் ஆகிறது, இப்படியே வெளியிடலாமா?

காவேரிப்பட்டணத்தில் மாந்தோப்புக்காக ஈஎஸ்பி32 (வைஃபை உள்ள கண்ட்ரோலர் சிப்) வைத்து ஓப்பன் சோர்ஸ் மண் ஈரப்பத போர்டு செய்து, 5 பேருக்குச் சோதிக்கக் கொடுத்திருக்கிறேன். மேசையில் வேலை செய்கிறது, தோப்பில் வைஃபை இணைந்ததும் சென்சார் அளவே வருவதில்லை, மோட்டார் போட்டால் ரீசெட் வேறு. கெர்பர் ஃபைலை (போர்டைத் தயாரிக்கத் தேவையான வடிவமைப்பு ஃபைல்) வெளியிடலாமா, நிறுத்தவா?

போச்சம்பள்ளிக்காரன்:
நிறுத்துங்க. சென்சார் எந்தப் பின்னில் இருக்கு? ஏடிசி2 (சென்சார் வோல்டேஜை எண்ணாக மாற்றும் இரு பகுதிகளில் ஒன்று) என்றால் வைஃபை ஓடும்போது படிக்க முடியாது, ஏடிசி1-க்கு மாற்றுங்க, அதாவது ஜிபிஐஓ பின் 32 முதல் 39 வரை.

கேட்டவர்:
அட, 25-இல் கொடுத்திருக்கேன்! 5 போர்டிலும் வயர் ஒட்டணும்.

அரூர் தம்பி:
ரீசெட் ஆகும்போது சீரியலில் (போர்டு கம்ப்யூட்டருக்கு அனுப்பும் செய்தியில்) பிரவுன்அவுட், அதாவது வோல்டேஜ் குறைவு என்று வருதா அண்ணா? வந்தால் 3.3 வோல்ட் லைன் சரியுது, கெப்பாசிட்டர் சேருங்க. வராவிட்டால் மோட்டார் ஸ்டார்ட்டர் காயிலுக்கு ஸ்னப்பர் (வோல்டேஜ் எகிறுவதை அடக்கும் சர்க்யூட்) போட்டுப் பாருங்க. அப்புறம் சென்சார் விளிம்பை வார்னிஷ் பூசி அடைச்சீங்களா? நான் அடைக்காமல் ஒரு மழையில் இரண்டை இழந்தேன்.