பரப்புக் காந்தமின் விளைவு – சொல் தேர்வு

> உலோகத்துக்குள் மின்புலம் நுழையாதே, பிறகு இப்படி ஒரு விளைவுக்கே இடமேது? இருந்தால் "மின்காந்தத் தளர்வு" என்றே சொல்லலாமே?

ஐயா, வணக்கம். மின்புலத்தால் உலோகப் பரப்பின் காந்தத்தன்மை மாறுவதைத்தான் இப்படிப் பெயரிடுகிறோம். மின்புலம் உள்ளே நுழையாதுதான். ஆனால் பரப்பில் ஏறத்தாழ 0.1 நானோமீட்டர் வரை எட்டும். இரும்பில் அடுத்தடுத்த அணு அடுக்குகளின் இடைவெளியே 0.14 என்பதால், முதல் அடுக்கோடு சரி. எனவே "பரப்பு" பெயரில் இருந்தாக வேண்டும்.

"மின்காந்த" என்றால் மாணவர் கம்பிச்சுருளையும் மின்னோட்டத்தையும் நினைப்பார். இங்கே மின்னோட்டம் தேவையே இல்லை. "காந்தமின்" என்று முன்பின்னாக்கினால் தீர்ந்தது.

"தளர்வு" வேண்டாம். 2007 சோதனையில் 2 நானோமீட்டர் படலங்களை மின்பகுளியில் வைத்து வோல்ட்டேஜை 0.6 வோல்ட் மாற்றியபோது, இரும்பு–பிளாட்டினத்தின் காந்த நீக்குத்திறன் (காந்தமாக்கத்தை நீக்கத் தேவைப்படும் எதிர்ப்புலம்) 4.5% குறைந்தது, இரும்பு–பல்லேடியத்தில் 1% கூடியது. கூடவும் செய்வதைத் தளர்வு என்பது எப்படி?

காந்தமாக்கம் சில திசைகளையே விரும்பி நிற்பதைக் குறிக்கும் "திசையொவ்வாமை"யையும் விடலாம், ஒவ்வாமை என்றதும் தும்மல்தான் வருகிறது. "காந்தத் திசைச்சார்பு" போதும்.

---

அம்மா, "பரப்புக் காந்தமின் விளைவு" எனக்குச் சம்மதம். ஆனால் அளவிடுபவருக்கு அது ஒன்று போதாது. கோபால்ட்–இரும்பு–போரான் படலம் 1 நானோமீட்டர், மேலே மக்னீசியம் ஆக்சைடு. வோல்ட்டேஜ் கொடுத்தால் இடைமுகத்தில் எலக்ட்ரான்கள் கூடும் அல்லது குறையும். அணுக்களின் டி-ஆர்பிட்டால்கள் (எலக்ட்ரான் இருக்கும் இடங்கள்) நிரம்பும் விதம் மாறி, தற்சுழற்சி–சுற்றுப்பாதைப் பிணைப்பின் வழியே, அதாவது எலக்ட்ரானின் தற்சுழற்சியும் அதன் சுற்றியக்கமும் பிணைந்திருப்பதால், திசைச்சார்பும் மாறும். இதற்கு "மின்னழுத்தத் திசைச்சார்பு மாற்றம்" என்று தனிச்சொல் வேண்டும். இதன் கெழு (மின்புலத்தின் ஓர் அலகுக்குத் திசைச்சார்பு எவ்வளவு மாறுகிறது என்பது) பெரும்பாலும் 30 முதல் 100 ஃபெம்டோஜூல்/(வோல்ட்·மீட்டர்).

இதோடு கலந்துவிடுபவை இரண்டு. ஆக்சைடு மெலிதானால் கசிவு மின்னோட்டம் படலத்தைச் சூடாக்கும். வோல்ட்டேஜின் குறியைத் திருப்பிப் பாருங்கள்: திசைச்சார்பு மாற்றம் எதிர்ப்புறம் போகும், சூட்டின் விளைவு அப்படியே நிற்கும். அதற்காக வோல்ட்டேஜை ஏற்றிக்கொண்டே போகவும் முடியாது. நானோமீட்டருக்கு 1 வோல்ட்டை நெருங்கினால் ஆக்சைடு முறிந்துவிடும்.

இன்னொன்று ஆக்சிஜன் அயனி நகர்வு. மாற்றம் மெதுவாக வந்து, வோல்ட்டேஜை எடுத்த பிறகும் மறையாமல் தங்கினால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். கெழு மிகப் பெரிதாக இருக்கும். அதைப் பார்த்து மகிழ்ந்துவிடக் கூடாது. "காந்த-அயனி விளைவு" என்று நம் சொற்பட்டியலில் தனி வரியாக ஏற்றுங்கள்.

வோல்ட்டேஜ் கொடுக்கும் "கேட்" மின்முனைக்கு "வாயில்" என்பதா, அப்படியே விடுவதா? சனிக்கிழமை கோட்டூர்புரத்தில் பேசிக்கொள்வோம்.