மூக்குமடல் போதுமே, கொம்பு எதற்கு?

வணக்கம்.

ஈக்வடாரில் வாழும் அனோலிஸ் புரோபோசிஸ் என்ற ஓணானின் மூக்கு உறுப்புக்கு நம் கலைச்சொல் பட்டியலில் என்ன தமிழ்ப் பெயர் வைக்கலாம் என்ற கேள்விக்கு இதுவரை வந்த பரிந்துரைகள் கொம்பு, துதிக்கை, மூக்குநீட்சி. கொம்பு எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. கொம்பு என்றால் கெட்டியாக இருக்க வேண்டாமா? அனோலிஸ் புரோபோசிஸ் ஆணின் மூக்கு நுனியில் இருப்பது செதில் மூடிய, பக்கவாட்டில் தட்டையான, தொட்டால் வளைகிற மெத்தென்ற உறுப்பு, குத்திச் சண்டை போட அது உதவாது, பெண்ணிடம் போகும்போது மேலே தூக்கிக் காட்டும். துதிக்கை என்று எழுதினால் படிக்கிற பிள்ளைகள் அது எதையோ பிடித்துத் தின்னும் என்று நினைத்துக்கொள்வார்கள். மூக்குநீட்சி தவறில்லை, ஆனால் விளக்கம் மாதிரி இருக்கிறது, பெயர் மாதிரி இல்லை.

மூக்குமடல் என்று வைக்கலாம் என்பது என் கருத்து. காதுமடல் எல்லாருக்கும் தெரியும், தாழைமடலும் தெரியும், தட்டையாக வளைந்துகொடுக்கும் பொருளுக்கு மடல் தானாகவே வந்து உட்காருகிறது. இதே வகை உறுப்புள்ள பிரேசில் இனத்துக்கு அறிவியல் பெயர் ஃபில்லோரைனஸ், அதாவது இலைமூக்கு. இலங்கையில் நக்கிள்ஸ் மலைக்காட்டு ஓணான் செரட்டோஃபோரா டெனன்டிக்கும் மூக்கில் இலை போல ஒன்று உண்டு, அங்கே பெண்ணுக்கும் உண்டு. அனோலிஸும் இந்த இலங்கை ஓணானும் நெருங்கிய உறவில்லை, மூக்கு உறுப்பு தனித்தனியாகத் தோன்றியது. ஆனாலும் உறுப்பின் பெயர் ஒன்றாக இருப்பதில் தப்பில்லை, இறக்கை என்று பறவைக்கும் வௌவாலுக்கும் சொல்லிக்கொண்டுதானே இருக்கிறோம். சில வௌவால்களின் மூக்கில் இலை போல இருப்பதோடு குழம்புமே என்று கேட்டவருக்கு: அதை மூக்கிலை என்றே விட்டுவிடலாம்.

அப்புறம், இந்த விவாதத்தின் தலைப்பில் யாரோ 'பல்லி' என்று போட்டிருக்கிறார்கள். விரலடியில் ஒட்டும் பட்டை இருப்பதால் வந்த குழப்பம். அனோலுக்கு (அனோலிஸ் வகை ஓணான்களுக்கு) இமை உண்டு, நம் வீட்டுப் பல்லிக்குக் கிடையாது, உறவிலும் அது ஓணான் பக்கம்தான். அனோல் ஓணான் என்று எழுதினால் பிரச்சினை தீர்ந்தது. கழுத்தடியில் விரிகிற தோலுக்குப் புதுச்சொல் தேட வேண்டாம், மாட்டுக்குச் சொல்கிற அலைதாடி போதும். மூக்கு நீளும் கதைப் பொம்மையை வைத்துச் சொல்லும் பினோக்கியோ என்ற பெயர் செய்தித்தாளுக்கு இருக்கட்டும், கலைச்சொல் பட்டியலுக்கு வேண்டாம்.

விளக்கத்தில் 'ஆணில்' என்பது கட்டாயம் வர வேண்டும். ஈக்வடாரின் மிண்டோ அருகே 1953இல் பிடித்து 1956இல் பெயரிட்ட இனம் இது, 1960களுக்குப் பிறகு பல்லாண்டு கண்ணிலேயே படவில்லை, கையில் இருந்த சில மாதிரிகளும் ஆண்கள்தான். பெண்ணுக்கும் மூக்கு நீளுமா என்பதே 2000களில் மறுபடி கண்டுபிடித்த பிறகுதான் தெரிந்தது. பகலில் இலைக்குள் மெல்ல நகர்வதைப் பார்ப்பது கஷ்டம், இரவில் டார்ச் அடித்தால் கிளை நுனியில் வெளிறித் தூங்குவது தெரியும்.

என் வரைவு: "மூக்குமடல்: சில ஓணான் இனங்களில், அனோலில் ஆணில் மட்டும், மூக்கு நுனியிலிருந்து நீளும் மென்மையான தட்டை உறுப்பு." சேர்த்து எழுதுவோம், இடைவெளி வேண்டாம். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள், கொம்புதான் வேண்டும் என்பவர்கள் காரணத்தோடு வாருங்கள்.