துபாய் டிக்கெட்டில் ரெண்டரை மணி நேரம்னு தெரியுதா? – ஊர் ஊரா அனுபவப் பகிர்வு

காவேரிப்பட்டணம்:
பெங்களூர்–துபாய். புறப்பாடு விடியற்காலை 4:00, சேர்றது 6:30. சர்க்கரை வியாதி உள்ள பெரியவர் ஒருத்தர் டிக்கெட்டில் விரலை வெச்சு எண்ணிட்டு, "ரெண்டரை மணி நேரம்தானே, போய் இறங்கியே சாப்பிட்டுக்கறேன்"னு மாத்திரையைப் பெட்டிக்குள்ளே போட்டுட்டார். அந்த விரல் இன்னும் கண்ணுலயே நிக்குது. டிக்கெட்டில் இருக்கிறது அந்தந்த ஊர் நேரம். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னாடி. போகும்போது அதைக் கூட்டணும், ஆக 4 மணி நேரம். வரும்போது கழிக்கணும்: ராத்திரி 10:00க்குக் கிளம்பி 3:00க்கு வந்தா அஞ்சு இல்லை, மூன்றரை.

ஓசூர்:
அந்த 4 மணி நேரமும் முழுசாப் பறக்கிற நேரம் இல்லைங்க. வண்டி நிறுத்தத்தை விட்டு நகர்றதிலிருந்து, இறங்கி நிறுத்தத்தில் நிக்கிற வரைக்கும் சேர்த்துத்தான் போடுவாங்க. பெங்களூர்–சென்னை நேர்கோட்டில் 270 கி.மீ. அளவுதான். டிக்கெட்டில் ஒரு மணி நேரம் இருக்கும், வானத்தில் 40 நிமிஷம் சொச்சம். பெங்களூரில் மேற்கே பார்த்து ஏறினா சுத்தித் திரும்பித்தான் சென்னைப் பக்கம் வரணும். துபாய் போக, வர்றதைவிட அரை மணி கூடுறதுக்குக் காரணம் எதிர்க்காற்று. குளிர்காலத்தில் மேல் உயரத்தில் மேற்கிலிருந்து பலமா அடிக்கும்.

கிருஷ்ணகிரி:
காற்றுக் கணக்கெல்லாம் விமானி பார்த்துக்குவார். நம்ம ஆளுங்க கோட்டை விடுறது ரோட்டில்தான், அதைவிட தேதியில். "12ஆம் தேதி 4:00"ன்னா 11ஆம் தேதி ராத்திரியே கிளம்பணும். 12ஆம் தேதி ராத்திரி பெட்டியோட கவுண்டர் முன்னாடி ஒரு குடும்பமே நின்னுச்சு, விமானம் போய் இருபது மணி நேரம் ஆச்சு. இங்கிருந்து பெங்களூர் விமான நிலையம் இருக்கிற தேவனஹள்ளி சுமார் 125 கி.மீ. வெளிநாட்டுக்கு மூணு மணி நேரம் முன்னாடி இருக்கணும், அதாவது ராத்திரி 1:00. அப்போ 9:30க்கே டோல்கேட்டைத் தாண்டிடுங்க. காலை நேர விமானம்னா பெங்களூரில் நெரிசல் சந்திப்புகளான சில்க் போர்டு, ஹெப்பாள் ரெண்டுக்கும் சேர்த்து இன்னும் ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்க. அத்திப்பள்ளியில் திரும்பி சர்ஜாபுரம், ஹொஸ்கோட்டை வழியா நகரத்துக்குள்ளே போகாமலும் போகலாம், ஆனா லாரி நிறைய. தெரியாத டிரைவர்னா ராத்திரி அந்த வழி வேண்டாம்.

தருமபுரி:
எல்லாரும் பெங்களூரையே சொல்றீங்க. உள்நாட்டுக்கு நமக்குப் பக்கம் சேலம் விமான நிலையம், ஓமலூர்கிட்ட காமலாபுரம். 50 கி.மீ. அளவுதான். நடுவில் தொப்பூர் கணவாய் இருக்கு, ஒரு லாரி கவிழ்ந்தா போதும். ஒரு மணி நேரம் கூடுதலா வெச்சுக்குங்க. பெட்டி போடுற கவுண்டர் 60 நிமிஷத்துக்கு முன்னாடி மூடிடும். ஏடிஆர்ங்கிற சின்ன விசிறி விமானம் மணிக்கு 500 கி.மீ. அளவுதான் போகும். பெரிய ஜெட் 800க்கு மேல. அதனால தூரத்தை மட்டும் வெச்சு நேரத்தை நிதானிக்காதீங்க.

ஊத்தங்கரை:
முதல் பதிவுக்கு ஒண்ணு. மாத்திரை, இன்சுலின், டாக்டர் சீட்டு மூணும் கைப்பையில்தான் இருக்கணும். கீழே போற பெட்டியில் இன்சுலின் உறைஞ்சு கெட்டுப்போகலாம். இறங்குற வரைக்கும் கடிகாரத்தை நம்ம ஊர் நேரத்திலேயே விடச் சொல்லுங்க. சாப்பாடும் மாத்திரையும் அதுப்படியே.