புதுப்பிப்பு: திடீர் ஈறு வலிக்குக் காரணம் தெரிந்தது
தொட்டாலே இரத்தக்கசிவு, கடும் ஈறு வலி, தாங்க முடியாத வாய் நாற்றம் என்று முன்பு எழுதியிருந்தேன். அது கடும் ஈறு அழுகல் நோய் என்று பல் மருத்துவர் உறுதிசெய்துள்ளார். நோயை அறிய எக்ஸ்ரே தேவைப்படவில்லை. பற்களுக்கு இடையே முக்கோணமாக நிற்க வேண்டிய ஈறு முனைகள் தோண்டி எடுத்தாற்போல் குழிந்து, சாம்பல் நிறப் படலம் படிந்திருந்தன. படலத்தைத் துடைத்ததும் இரத்தம் வந்தது.

வாயில் இயல்பாகவே வாழும் ஃபியூசோபாக்டீரியம், டிரெபோனீமா போன்ற நுண்ணுயிரிகள், தூக்கமின்மை, மன அழுத்தம், புகைப்பழக்கம், ஊட்டக்குறைவு ஆகியவற்றால் நோய் எதிர்ப்பாற்றல் தளரும்போது பெருகித் திசுவை அழிக்கின்றன. ஆகவே வீட்டில் யாருக்கும் தொற்றிவிடும் என்ற அச்சம் வேண்டியதில்லை. முதல் உலகப் போரில் பதுங்குகுழி வீரர்களிடையே இது மிகுதியாகக் காணப்பட்டதில் வியப்பில்லை. எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்களுக்கும் இது வரக்கூடும் என்பதால் அந்தப் பரிசோதனையையும் எழுதிக் கொடுத்தார், தயங்காமல் செய்துகொண்டேன்.

மரத்துப்போகும் மருந்து தடவி, அழுகிய திசுவையும் பற்களில் இறுகிப் படிந்த காரையையும் மெல்ல அகற்றியதே முதன்மையான சிகிச்சை. பல் துலக்க இயலாத நாட்களில் 0.2 சதவீத குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினிக் கரைசலால் நாளுக்கு 2 முறை வாய் கொப்பளித்தேன். காய்ச்சலும் கழுத்தில் நெறிக்கட்டும் இருந்ததால்தான் மெட்ரோனிடசோல் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை தந்தார். அதனுடன் மது அறவே கூடாது. வலி விரைவில் அடங்கியது என்றாலும், அத்துடன் சிகிச்சையை நிறுத்தினால் நோய் மீண்டும் வந்து எலும்புவரை இறங்கக்கூடும் என்பதால், முழுச் சுத்திகரிப்பு அடுத்த வாரம் நடைபெறும். குழிந்த ஈறு முழுமையாக வளராவிட்டால், பின்னர் சிறு அறுவை சிகிச்சையால் அதன் வடிவத்தைத் திருத்துவார்கள்.