லண்டன் – நியூயார்க்: தூரம் ஒன்றுதான், நேரம் ஏன் மாறுகிறது?

கேள்வி:
தூரம் கணக்கிடும் தளங்களில் லண்டன் ஹீத்ரோவிலிருந்து நியூயார்க் ஜேஎஃப்கே வரை சுமார் 5,540 கிமீ என்று காட்டுகிறது. மணிக்கு 900 கிமீ வேகம் என்று வைத்தால் ஆறேகால் மணி நேரத்துக்குள் போய்விட வேண்டும். ஆனால் டிக்கெட்டில் போக ஏறக்குறைய 8 மணி நேரம், திரும்பி வர 7 மணி நேரம் என்று போட்டிருக்கிறது. பூமி சுற்றுவதாலா? எதை நம்பித் திட்டமிடுவது?

பதில் 1:
பூமி சுற்றுவது நேரடிக் காரணம் இல்லை, காற்றும் பூமியோடு சேர்ந்தே சுற்றுகிறது. காரணம் ஜெட் ஸ்ட்ரீம். விமானங்கள் பறக்கும் 10 கிமீ உயரத்தையொட்டி மேற்கிலிருந்து கிழக்கே வீசும் பலமான காற்று அது, குளிர்காலத்தில் இன்னும் பலமாக இருக்கும். நீங்களே போட்டுப் பாருங்கள்: போகும்போது எதிர்காற்று 100 கிமீ என்றால் தரைவேகம் (தரையோடு ஒப்பிட்ட வேகம்) 800, பயணம் 6 மணி 55 நிமிடம்; திரும்பும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் 1,000, வெறும் 5 மணி 32 நிமிடம். 2020 பிப்ரவரியில் ஒரு புயல் சமயத்தில் பிரிட்டிஷ் ஏர்வேஸின் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. தரைவேகம் 1,300 கிமீயைத் தொட்டும், சுற்றியுள்ள காற்றோடு ஒப்பிட்டால் அது ஒலியைவிட மெதுவாகத்தான் பறந்தது!

பதில் 2:
மேலே சொன்னதோடு, டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் மட்டும் இல்லை. கேட்டிலிருந்து நகர்வதில் தொடங்கி அங்கே கேட்டில் நிற்கும் வரை எல்லாம் சேர்ந்தது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது, ஏறும்போதும் இறங்கும்போதும் குறையும் வேகம், தாமதத்துக்கென்று விடும் இடைவெளி, இவையே முக்கால் மணி, ஒரு மணி நேரத்தை விழுங்கும். அப்புறம் 5,540 என்பது உருண்டையான பூமியின் மேல் மிகக் குறுகிய பாதையின் நீளம். தட்டையான வரைபடத்தில் அது வடக்கே வளைந்து, கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து பக்கமாகப் போவது போலத் தெரியும். அட்லாண்டிக் மேல் அன்றாடக் காற்றைப் பார்த்துத்தான் பாதைகளை வகுக்கிறார்கள், அதனால் பறக்கும் தூரம் சற்றுக் கூடும். இணைப்பு விமானம் பிடிக்க வேண்டுமென்றால் டிக்கெட் நேரத்தையே நம்புங்கள், அந்தத் தளங்களை வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி, தெளிவாகிவிட்டது. இன்னொன்று: திரும்பும்போது இரவு 7க்குக் கிளம்பி காலை 7க்கு லண்டன் என்றால் 12 மணி நேரம் ஆகிறதே?

பதில் 1:
இரண்டுமே அந்தந்த ஊர் நேரம். லண்டன் 5 மணி நேரம் முன்னால் இருக்கிறது, கழித்தால் 7. ஆனால் மார்ச்சில் போவதாக இருந்தால் கவனம். அமெரிக்கா அந்த மாதம் இரண்டாவது ஞாயிறே கோடைக்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்திவிடும், பிரிட்டன் கடைசி ஞாயிறுதான். இடைப்பட்ட நாட்களில் வித்தியாசம் 4 மணி நேரம்தான். அக்டோபர் கடைசி ஞாயிறிலிருந்து நவம்பர் முதல் ஞாயிறு வரையிலும் அப்படியே.